கிணறு கேட்கும் கரன்ட், கரன்ட் கேட்கும் ஆறு

நீர், சோறு, மின்சாரம் மூன்றுக்கும் இங்கே மூன்று துறைகள், மூன்று கணக்கு நோட்டுகள். ஒன்றில் வரவு வைப்பதற்காக இன்னொன்றில் ஏறும் பற்று யார் கண்ணிலும் படுவதில்லை.

நெய்வேலியில் நிலக்கரி கிடைத்ததே தண்ணீர் தேடிய இடத்தில்தான். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது, மண்ணோடு கறுப்பாக ஒரு பொருள் வெளியே வந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அவர் விடவில்லை. பின்னாளில் சுரங்கத்துக்காகப் பல நூறு ஏக்கர் நிலத்தையும் கொடுத்தார். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957-ல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது.

அந்த நிலத்தின் அடுக்கைப் பார்த்தால் சிக்கல் புரியும். மேலே நெல்லும் கரும்பும் முந்திரியும் விளையும் மண். ஐம்பது, நூறு மீட்டருக்குக் கீழே பழுப்பு நிலக்கரி. அதற்கும் அடியில், சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ அழுத்தத்தில் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கும் ஊற்று நீர். மேல்மண்ணை அப்படியே அள்ளினால் அந்த நீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால் சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்கள் இறக்கி, இரவும் பகலும் நிறுத்தாமல் நீரை இறைத்தால்தான் கரியை வெட்டவே முடியும். இறைக்க மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் கரி வேண்டும். கரிக்கு மறுபடியும் இறைக்க வேண்டும்.

இறைத்த நீர் வீணாகப் போகவில்லை. ஒரு பகுதி அங்கேயே அனல்மின் நிலையங்களுக்குப் போகிறது. ஒரு பகுதி ஓடைகள் வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி பக்கம் போய்ப் பாசனமாகிறது. நெய்வேலி நிலத்தடி நீர் சென்னையின் குடிநீருக்கும் கைகொடுத்திருக்கிறது. நிறுவனத்தின் கணக்கில் இவையெல்லாம் வரவுதான். சுற்றுவட்டார விவசாயிகளின் கணக்கு வேறு. ஒரு காலத்தில் குழாயை இறக்கினாலே நீர் தானாகப் பொங்கி வழிந்த ஊர்களில், இன்று நூற்றுக்கணக்கான அடிகளுக்கு மோட்டார் இறக்குகிறோம் என்கிறார்கள். சுரங்கத்தால்தான் நீர்மட்டம் போனது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அளந்து, அளவோடுதான் இறைக்கிறோம் என்பது நிறுவனத்தின் பதில்.

2023 ஜூலையில் நெய்வேலிக்கு அருகே வளையமாதேவியில் நடந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றின் போக்கை மாற்றும் வேலை. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றாலும், அதில் விவசாயிகள் பயிர் வைத்திருந்தார்கள். வளர்ந்து நின்ற நெல்லுக்கு நடுவே மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர் அழிக்கப்பட்டது குறித்து நீதிபதி வெளிப்படையாகவே வேதனைப்பட்டார். அறுவடை வரை காத்திருக்க ஏன் முடியவில்லை என்ற கேள்விக்கு, சுரங்கம் நின்றால் மின்சாரம் நிற்கும் என்பதே பதிலாக இருந்தது. பசிக்கும் இருட்டுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஓர் ஊரிடம் சொன்னதுபோல் ஆயிற்று.

நெய்வேலியில் இது ஒரே பார்வையில் தெரிகிறது. மற்ற இடங்களில் நீர், உணவு, மின்சாரம் மூன்றும் நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளித்தள்ளி நிற்பதால், ஒன்றோடு ஒன்று கட்டப்பட்டிருப்பது கண்ணில் படுவதில்லை. கட்டு என்னவோ அதே கட்டுதான்.

ஆயிரம் அடிக்கு ஒரு விலை

கொங்கு நாட்டின் கதையை எடுத்துக்கொள்வோம். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூருக்கு இறங்கியது. ஆலைகள் எழுந்தன; கூடவே கமலை ஏற்றம் இருந்த கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகைகள் எழுந்தன. பாறை நிலத்தில், வானம் பார்த்த பூமியில், மின்சாரம்தான் பாசனம் என்றானது. அதனால்தான் 1970-லும் 1972-லும் யூனிட்டுக்குச் சில பைசா உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மாட்டு வண்டிகள் கோவையை முற்றுகையிட்டன. துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிரிழந்தார்கள். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் அனைவருக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது இந்தப் போராட்ட வரலாற்றின் தொடர்ச்சி. 2003-ல் அதில் கைவைத்த அரசு, 2004 மக்களவைத் தேர்தல் முடிவைப் பார்த்ததும் பழையபடி இலவசமாக்கியது. அதற்குப் பிறகு எந்தக் கட்சியும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இன்று தமிழ்நாட்டில் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. பாசனம் பெறும் நிலத்தில் பாதிக்கும் மேல் கிணற்றையும் போரையும் நம்பியிருக்கிறது. 1960-களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நிலத்தை நனைத்த ஏரிப் பாசனம் அதில் பாதிகூட இல்லாமல் சுருங்கிவிட்டது. 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் உள்ள மாநிலம் இது. சொந்தக் கிணறும் இலவச கரன்ட்டும் இருப்பவருக்கு, மடை முறைக்குக் காத்திருக்கவும் மராமத்துக்கு ஆள் அனுப்பவும் அவசியம் இல்லாமல் போனது.

இலவசம் என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு ஏக்கரில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்த ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். மோட்டார், பம்பு, குழாய் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு நாற்பது பங்கு திறனோடு ஓடுவதாக வைத்துக்கொள்வோம். நூறு அடியிலிருந்து அந்த நீரை மேலே கொண்டுவர 20 யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். ஆயிரம் அடியிலிருந்து என்றால் 200 யூனிட்டுக்கு மேல். பயிர் அதே பயிர், தண்ணீர் அதே தண்ணீர். நீர்மட்டம் இறங்கிய குற்றத்துக்கு மின்சாரம் பத்து மடங்கு அபராதம் கட்டுகிறது. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகத் தருவது 100 யூனிட். ஆயிரம் அடி போரில் ஒரு ஏக்கருக்கு ஒரே ஒரு அங்குலம் பாய்ச்சினால், அதைப்போல் இரண்டு மடங்கு போய்விடும்.

அபராதத்தில் விவசாயியின் பங்கும் உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய்த் துளை போடுகின்றன; சொந்த மண்ணில் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. நீரோட்டம் பார்ப்பவர் காட்டிய இடத்தில் வண்டி நிற்கும். அடிக்கு இத்தனை ரூபாய் என்று ஏறிக்கொண்டே போகும். எழுநூறு அடியில் புகைபோலக் கல் தூள்தான் வருகிறது என்றால், இன்னும் நூறடி போய்ப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. முன்னால் போட்ட எழுநூறு அடியின் காசு வீணாகிவிடுமே. அப்படிப் போடும் போரில் எத்தனையோ புகையோடு முடிகின்றன. வட்டி மட்டும் தொடர்கிறது.

நீர் கிடைத்தாலும் கதை முடியாது. மும்முனை மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்பது நிச்சயமில்லாததால் மோட்டாரை ‘ஆட்டோ’வில் போட்டுவைக்கிறார்கள். கரன்ட் வந்த நொடியில், ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் அத்தனை மோட்டார்களும் சேர்ந்து எழுகின்றன. வோல்டேஜ் விழுகிறது. காயில் கருகுகிறது. ரீவைண்டிங் கடைக்குப் போன மோட்டார், தடித்த கம்பி சுற்றிக்கொண்டு, முன்பைவிட அதிகம் மின்சாரம் தின்னும் மோட்டாராகத் திரும்புகிறது. ஐந்து ஹெச்.பி.க்கு அனுமதி வாங்கிய இடத்தில் ஏழரை ஓடுகிறது. நடுராத்திரி வந்த கரன்ட்டில் மடை நிரம்பி வரப்பைத் தாண்டி ஓடும் தண்ணீரைப் பார்க்க ஆள் இருப்பதில்லை. இதில் யாரையும் பேராசைக்காரர் என்று சொல்ல முடியாது. நிச்சயமில்லாத ஒன்றை நம்பிப் பிழைப்பவர் செய்யும் முன்னெச்சரிக்கைகள்தான் இவை. அவை ஒன்றாகச் சேரும்போது நீரும் மின்சாரமும் கரைகின்றன.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2022 மதிப்பீட்டில் தமிழ்நாடு 1,166 அலகுகளாக, குறுவட்டம் எனப்படும் பிர்கா பிர்காவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சப்படும் பட்டியலில் இருந்தது. இதைக் கட்டுப்படுத்த 2003-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நடைமுறைக்கே வராமல் 2013-ல் அது ரத்தானது.

ஒரே காவிரி, எத்தனை வேலை

மேட்டூருக்கு வருவோம். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அணை. 120 அடி உயரத்துக்கு நிரம்பினால் 93.47 டி.எம்.சி. அங்கிருந்து இறங்கும் நீர் எத்தனை வேலை செய்கிறது என்று பாருங்கள். அணை மின் நிலையத்திலும் சுரங்க மின் நிலையத்திலும் சுழலிகளைச் சுற்றுகிறது. கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று கதவணை கதவணையாகத் தேங்கி மறுபடியும் மின்சாரம் தருகிறது. பக்கத்தில் நிற்கும் அனல்மின் நிலையத்துக்கும் தேவையான நீரைக் கொடுக்கிறது. வழிநெடுகக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்குப் பிரிகிறது. கல்லணை தாண்டி டெல்டாவில் நெல்லாகிறது. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்தை நிரப்பி, அங்கிருந்து 2004 முதல் குழாயில் ஏறிச் சென்னைக்கும் போகிறது. சோழர் காலத்தில் பாசனத்துக்கு வெட்டிய ஏரியின் நீர், இன்று பம்பு போட்டு இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்கிறது.

ஆண்டு நல்லபடி இருந்தால் இத்தனை வேலையும் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கும். ஜூன் 12 அணை திறப்பு என்பது குறுவைக்கான வழக்கமான நாள். 2022-ல் மே 24-லேயே திறக்க முடிந்தது. 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. 2012-ல் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் குறுவையைக் காப்பாற்ற ஒரே வழி ஆழ்குழாய்க் கிணறுகள்தான். ஆனால் தமிழ்நாடு முழுக்க ஊர்கள் மணிக்கணக்கில் இருட்டில் கிடந்த ஆண்டும் அதுவே. டெல்டா பம்புசெட்டுகளுக்கு அரசு கூடுதல் நேரம் மும்முனை மின்சாரம் தர வேண்டியிருந்தது. மேட்டூரில் நீர் இல்லையென்றால் நீர்மின்சாரமும் குறைகிறது, அதே நேரத்தில் மோட்டார்களின் பசியும் கூடுகிறது. அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இயற்கை ஒரு சலுகையும் வைத்திருக்கிறது. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பும் மாதங்களில், அதே காற்று மலை இடுக்குகளைத் தாண்டி முப்பந்தலிலும் பல்லடம், உடுமலை பக்கமும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிறுவிய மாநிலத்துக்கு, குறுவை நடவு நடக்கும் நேரத்தில்தான் காற்று மின்சாரம் உச்சத்தில் இருக்கிறது. பருவமழை தாமதித்தால் காற்றும் அணையும் சேர்ந்தே தாமதிக்கும். பருவநிலை மாற்றம் என்று அறிவியலாளர்கள் சொல்வதை இங்கே இப்படித்தான் வாசிக்க வேண்டும்: ஒரு மழை தவறினால் மூன்று நோட்டிலும் ஒரே நாளில் துண்டு விழும்.

அனல்மின்சாரம் இந்தச் சுழலில் இருந்து தப்பிக்கும் வழி என்று நினைக்க இடமில்லை. 2015-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பழைய அனல்மின் நிலையங்களுக்கு விதித்த வரம்பு, ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர். ஆயிரம் மெகாவாட் நிலையம் ஒன்று நாள் முழுக்க முழுத்திறனில் ஓடினால் அந்த வரம்பின்படியே எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் ஆகிறது. வீராணத்திலிருந்து சென்னைக்கு ஒரு நாளைக்குத் திட்டமிட்ட அளவு 18 கோடி லிட்டர். மகாராஷ்டிரத்தின் பர்ளி நிலையம் 2015-ல் தண்ணீர் இல்லாமல் மூடப்பட்டது. கங்கைக் கரையில் இருக்கும் ஃபராக்கா நிலையமே 2016 மார்ச்சில் நின்றுபோனது. எண்ணூர், தூத்துக்குடி நிலையங்கள் கடலோரத்தில் இருப்பதால் நமக்கு அந்த நிலை முழுதாக வரவில்லை.

கடலைக் குடிக்கும் நகரம்

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அதன் பிறகு நகரம் கடலை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டது. மீஞ்சூர், நெம்மேலியைத் தொடர்ந்து, 2024-ல் நெம்மேலியிலேயே நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இன்னோர் ஆலை வந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை எழுகிறது. கடல்நீரில் உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் செலவாகும். 15 கோடி லிட்டர் என்றால் தினமும் ஐந்து லட்சம் யூனிட் அளவில். மழைநீரைச் சேமிக்காமல் கூவத்தில் விட்டதற்கு, கடலிலிருந்து மின்சாரம் கொடுத்து அதே தண்ணீரைத் திரும்ப வாங்குகிறோம்.

இங்கும் குற்றம் ஆலைகள்மேல் இல்லை. கோடியைத் தாண்டிய மக்கள்தொகைக்கு ஒரு காப்பு வேண்டும். ஆனால் ஏரியைத் தூர்வாரும் செலவையும் ஆலையின் மின்கட்டணத்தையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. ஒன்று நீர்வளத் துறை, இன்னொன்று குடிநீர் வாரியம், மூன்றாவது மின்வாரியம்.

சூரியன் தரும் இலவசம்

சோலார் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. 2019-ல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியம் கிடைக்கிறது. விவசாயிக்கு இது நல்ல செய்தி. ராத்திரி முழித்திருக்க வேண்டாம், பகலில் பாய்ச்சலாம், தட்கல் என்ற விரைவு முறையில் லட்சக்கணக்கில் கட்டி இணைப்பு வாங்க வேண்டாம். மின்வாரியத்துக்கும் சுமை குறையும். போருக்குத்தான் கெட்ட செய்தி. வெயில் இருக்கும்வரை ஓடும் மோட்டாருக்கு, நிறுத்த ஒரு காரணமும் இல்லை. கரன்ட்டின் கணக்கு சரியாகும்போது நீரின் கணக்கு இன்னும் ஆழத்துக்குப் போகும்.

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்ற கிராமம் 2016-ல் இதற்கு ஒரு வழி காட்டியது. சில விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, சோலார் பம்புக்கு மிஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றார்கள். மோட்டாரை நிறுத்தினால் வருமானம் என்று ஆனதும், நிறுத்துவதற்குக் காரணம் பிறந்தது. பஞ்சாப் 2018-ல் வேறு வழியில் முயன்றது. ‘பானி பச்சாவ், பைசா கமாவ்’ (நீரைச் சேமி, பணம் சம்பாதி) திட்டத்தில் விருப்பப்பட்டு வரும் விவசாயிக்கு ஒரு மின்சார ஒதுக்கீடு. அதில் மிச்சம் பிடித்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய்.

பஞ்சாபிடமிருந்து எச்சரிக்கையும் கற்க வேண்டும். நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் அந்த மாநிலம் நெல் நடவை ஜூன் 10-க்குப் பின் தள்ளிச் சட்டம் போட்டது. நல்ல நோக்கம்தான். நடவு தள்ளியதால் அறுவடை தள்ளியது. கோதுமை விதைக்க இடைவெளி சுருங்கியது. வைக்கோலைக் கொளுத்துவது ஒரே வாரங்களில் குவிந்து டெல்லியின் புகைக்குப் பங்களித்தது. நீரின் நோட்டை மட்டும் பார்த்து எழுதிய சட்டம், காற்றின் நோட்டில் கடனை ஏற்றியது.

எங்கே தொடங்குவது?

நம் கையில் இருப்பவை குறைவில்லை. நெல்லுக்கு ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வயலைக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையை வேளாண் துறையே பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. திருந்திய நெல் சாகுபடியில் அதுதான் மையம். ஆனால் ஆற்றுப் பாசனத்தில் முறை எப்போது வரும் என்று தெரியாதவரும், கரன்ட் எப்போது போகும் என்று தெரியாதவரும் வயலைக் காயவிடத் துணிய மாட்டார்கள். நிச்சயமான நேரத்தில் தரமான மின்சாரம் கொடுப்பது நீரைச் சேமிக்கும் திட்டமும்தான் என்பதை மின்வாரியம் உணர வேண்டும். கம்பும் கேழ்வரகும் சோளமும் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு நிகரான உறுதியோடு வாங்கப்பட்டால், ஒரு பிர்காவின் மின்தேவையே மாறிவிடும். அது உணவுத் துறையின் முடிவு. பலன் மின்வாரியத்துக்கும் நிலத்தடி நீருக்கும் போகும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டமும், 2023-ல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என மூன்று நிலக்கரிப் பகுதிகளை ஏலத்திலிருந்து மத்திய அரசு விலக்கிக்கொண்டதும், உணவின் கணக்கைக் கரியின் கணக்கோடு சேர்த்துப் பார்த்த அரிய தருணங்கள்.

விவசாயிக்கு மீட்டர் வை என்ற யோசனை தமிழ்நாட்டில் எடுபடாது. எடுபட வேண்டிய நியாயமும் இல்லை. வரலாறு தெரிந்தவர்கள் அந்த வாதத்தை எடுக்க மாட்டார்கள். இலவச மின்சாரத்துக்காக அரசு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயை மின்வாரியத்துக்குக் கொடுக்கிறது. அந்தப் பணம் நீரை மேலே ஏற்றினால் மட்டும் கிடைக்கிறது. பூமியில் விட்டுவைத்தால் ஒரு பைசா இல்லை. மாற்ற வேண்டியது இந்த ஓர் ஏற்பாட்டைத்தான். இலவசம் அப்படியே இருக்கட்டும். ஊறுவதைவிட அதிகம் உறிஞ்சும் பிர்காக்களில் மோட்டாருக்கு அல்ல, ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் ஃபீடருக்கு மீட்டர் வைத்து, ஐந்தாண்டுச் சராசரியைவிடக் குறைவாக இழுத்த ஊருக்கு அந்த மிச்சத்தின் விலையை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம். அதில் ஏரி தூர்வாருவதா, சொட்டுநீர் போடுவதா, ஆளுக்குப் பிரித்துக்கொள்வதா என்பதை ஊரே முடிவு செய்யட்டும்.

விவசாயியிடம் பணம் கேட்காத, கொடுக்கும் ஒரு சீர்திருத்தத்துக்குத் தேர்தல் பயம் காரணமாக இருக்க முடியாது. மூன்று துறைச் செயலாளர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே நோட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான் தடை. ஒரு பிர்காவில், ஒரு ஃபீடரில், ஒரு சாகுபடிப் பருவத்துக்குச் செய்துபார்க்கக்கூட இதுவரை யாரும் அந்த மேசையைப் போடவில்லை.